ஐந்தில் ஒரு பங்கு

ஹ்விட்நெஸ்,
17 நவம்பர் 2013

ப்ரெபென்,

நேற்று நான் போனைப் பாதியில் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இனி இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம். போனில் நீ என்னை ஜெயித்துவிடுகிறாய். எட்டாம் வகுப்புப் பையன்களை அடக்கிப் பழகிய குரல் உன்னுடையது. நான் யோசித்து முடிப்பதற்குள் நீ அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாய். ஆகவே எழுது. எழுதினால் இரண்டு தடவை படிப்பேன். இரண்டாவது தடவையில்தான் எங்கே இடிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

செய்தி வெள்ளிக்கிழமை வந்தது. காலை ஷிஃப்ட் முடிந்து நம் அனல்மின் ஸ்டேஷன் கேன்டீனுக்குள் நுழைந்தால் எல்லோரும் ஒரே பத்திரிகையின் மேல் குனிந்திருந்தார்கள். நம் அரசு மின் நிறுவனத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெளிநாட்டு வங்கி ஒன்றுக்கு விற்கப் போகிறார்கள், அந்தப் பணத்தில் கடலுக்குள் காற்றாலைகள் நடப் போகிறார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் தம்பி எஸ்கில்தான் ஆரம்பித்தான். நிலக்கரி கிரேனிலிருந்து நேராக வந்திருந்தான், முகமெல்லாம் கரி.

"என்னக்கா, மச்சான் நம்மள வித்துட்டாராமே?"

"இன்னும் ஓட்டெடுப்பே நடக்கலடா."

"நடக்கும்ல? அந்த நிதிக் குழுவுல அவருதானே உக்காந்திருக்காரு? போன எலெக்‌ஷன்ல இதே பெஞ்சு மேல ஏறி என்ன சொன்னாரு? நீயே சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

நீ சொன்னதைச் சொன்னேன். "மக்கள் காசுல கட்டுனது மக்கள்கிட்டதான் இருக்கும். நான் பார்லிமென்ட்ல இருக்கற வரைக்கும் ஒரு பங்குகூட வெளிய போகாது." அன்று அந்தப் பெஞ்சு ஆடிக்கொண்டிருந்தது. நீ விழாமல் இருக்க நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஸ்கில் அதையும் எல்லோருக்கும் நினைவூட்டினான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி. என்னிடம் கேட்பார்கள். உன் மனைவி என்பதால் இரண்டு மடங்கு கேட்பார்கள். எந்தப் பக்கம் ஓட்டுப் போடப் போகிறாய்? ஒரு வரி எழுது, போதும்.

நீ ரொட்டிக்காக வைத்துவிட்டுப் போன புளித்த மாவுக்கு வாராவாரம் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன். சுட எனக்குப் பொறுமை இல்லை. நீயே வந்து சுடு.

டோர்தே


கோபன்ஹேகன்,
24 நவம்பர் 2013

அன்புள்ள டோர்தே,

ஒரு வரி கேட்டாய். நாலைந்து தாள் எழுதிக் கிழித்த பிறகு இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நிறுவனம் மூழ்கிக்கொண்டிருக்கிறது. எரிவாயு ஒப்பந்தங்களில் விட்டது பத்திரிகையில் வருவதைவிட அதிகம். கடன் கொடுப்பவர்கள் கையை விரித்துவிட்டார்கள். கடலில் காற்றாலைகளுக்கு இடம் குறித்தாகிவிட்டது, வரைபடமெல்லாம் தயார், ஆனால் ஒரு தூண் நடக்கூட நிறுவனத்திடம் பணம் கிடையாது. அரசே போட்டால் என்ன என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். அப்படியானால் பள்ளிக்கூடங்களுக்கு வைத்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். வாத்தியாராக இருந்தவனிடம் இதைச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

நான் எதற்காக அரசியலுக்கு வந்தேன் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? கொடியில் காயும் வெள்ளைப் போர்வையில் விரலால் கோடு போட்டு, "பாரு, இன்னைக்கு கொலம்பியாலேர்ந்து நிலக்கரிக் கப்பல் வந்துருக்கு" என்று காட்டுவாயே. அந்தக் கரித்தூளை நிறுத்தத்தான் வந்தேன். இப்போது அதற்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. வழிதான் எனக்கும் பிடிக்கவில்லை.

அடுத்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். எஸ்கிலுக்குக்கூடத் தெரியக் கூடாது. குழுவில் நடப்பதை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம்.

விலை குறைவு. மிகவும் குறைவு என்று எனக்குப் படுகிறது. நிறுவனத்தை அதன் மிக மோசமான வருஷத்தில் எடைபோட்டிருக்கிறார்கள். காற்றாலைகள் வந்து நின்றால் அதன் மதிப்பு எங்கேயோ போய்விடும். முந்தாநாள் குழுவில் அமைச்சக அதிகாரியிடம் கேட்டேன்.

"இந்த விலைக்கு எப்படி வந்தீங்க?"

"மதிப்பீட்டு அறிக்கை ரகசியம், ப்ரெபென். வாங்கறவங்க கேட்டுக்கிட்டாங்க."

"நாங்களே ரகசியக் குழுதானே?"

"ரகசியக் குழுவுக்கும் ரகசியம்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், டோர்தே. விடுதி அறைக்கு வந்த பிறகுதான் எதற்குச் சிரித்தேன் என்று யோசித்தேன்.

இன்னும் முடிவெடுக்கவில்லை. நம் சின்னக் கட்சி ஆட்சியில் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரும்பாடு. நான் மறுத்தால் ஆட்சியே ஆட்டம் காணும் என்று தலைவி சொல்கிறார். சனிக்கிழமை வருகிறேன். ரொட்டியும் சுடுகிறேன்.

உன்
ப்ரெபென்


ஹ்விட்நெஸ்,
15 டிசம்பர் 2013

ப்ரெபென்,

சனிக்கிழமை வந்தாய், ரொட்டி சுட்டாய், போய்விட்டாய். என் கேள்வி மேசை மேலேயே கிடந்தது.

நேற்றுச் சங்கக் கூட்டம். உன் கடிதத்தில் இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். தலைநகரிலிருந்து வந்த சங்கத் தலைவர் ஒப்பந்த நிபந்தனைகளைப் படித்துக் காட்டினார். வங்கிக்கு ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் தலைமை அதிகாரியை மாற்றுவதானால் அவர்கள் சம்மதம் வேண்டுமாம். நிறுவனம் எந்த வழியில் போக வேண்டும் என்பதிலும் வீட்டோ அதிகாரமாம். மீதியெல்லாம் நம்முடையது. நம்முடையதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். நம் சொந்த ஓய்வூதிய நிதிகள் இதே பங்கை வாங்க முன்வந்தனவாம். நான் ஒவ்வொரு மாதமும் கட்டும் பணம் இருக்கும் நிதிகள். அவர்களை ஏன் விட்டார்கள்? இதற்கு ஒரு வரி எழுதுவாயா?

நான் நிலக்கரியைக் காதலிக்கவில்லை. கொதிகலன் அறையில் மூச்சுத் திணறி விழுந்தவர்களை வெளியே இழுத்துப் போட்டவள் நான். ஸ்டேஷனை மூடும் நாள் வந்தால் நானே சுவிட்சை அணைப்பேன். காற்றாலை வேண்டாம் என்று ஹ்விட்நெஸில் ஒரு ஆள் சொல்லவில்லை. அதைக் கட்டுவது நாமா, இல்லை நம் பெயரைச் சொல்லி வேறு யாரோவா என்பதுதான் எங்கள் சண்டை. இது புரியாதவன் மாதிரி நீ ஒவ்வொரு முறையும் எனக்குக் கரித்தூள் பாடம் எடுக்கிறாய்.

கூட்டம் முடிந்து எஸ்கில் என்னோடு நடந்து வந்தான்.

"மச்சான் கடைசில நம்ம பக்கம்தான் நிப்பாரு, பாரேன்."

"எப்படிச் சொல்றே?"

"மூஞ்சிய வெச்சுதான். பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி அது."

நான் நடையை எட்டிப் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வாத்தும் சிவப்பு முட்டைக்கோஸும் வாங்கிவிட்டேன். இந்தப் பேச்சை எடுக்காமல் ஒரு சாப்பாடு சாப்பிட முடியுமா என்று பார்ப்போம்.

டோர்தே


கோபன்ஹேகன்,
2 பிப்ரவரி 2014

அன்புள்ள டோர்தே,

கிறிஸ்துமஸ் அன்று நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனது தப்பு. வியாழக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். பத்திரிகைகள் எழுதியதை மட்டும் வைத்து என்னை எடைபோடாதே.

காலையில் குழு அறைச் சன்னலிலிருந்து பார்லிமென்ட் சதுக்கத்தில் திரண்டிருந்த ஆர்ப்பாட்டக்காரர்களைப் பார்த்தேன். அத்தனை கூட்டத்திலும் ஸ்டேஷனின் ஆரஞ்சு மேல்கோட்டுகள் தெரிந்தன. நடுவில் நீ. பேருந்தில் இரவெல்லாம் வந்திருப்பாய் என்று தெரிந்ததும் கோட்டைக்கூடப் போடாமல் இறங்கி ஓடி வந்தேன். அதற்கு நீ என்ன சொன்னாய் என்பது உனக்கும் நினைவிருக்கும்.

"டோர்தே, உள்ள வா. குளிருது."

"உள்ள எனக்கு ஏது அனுமதி? அங்கதான் எல்லாம் ரகசியமாச்சே."

உன்னைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எஸ்கில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். நான் மேலே ஏறிப் போனேன்.

ஓட்டெடுப்புக்கு ஒரு காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஆதரவு என்று கையைத் தூக்கினேன். அதற்குள் நம் கட்சி இரண்டாகப் பிளந்து, தலைவி ராஜினாமா செய்து, கட்சி ஆட்சியிலிருந்தே வெளியேறிவிட்டது. ஆட்சியைக் காப்பாற்றத்தான் கை தூக்கு என்று என்னிடம் சொன்னவர்களே கடைசியில் ஆட்சியில் இல்லை. இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட ஆளில்லாமல் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆனாலும் சொல்கிறேன், நான் கை தூக்கியது அவர்களுக்காக இல்லை. ஓய்வூதிய நிதிகளின் பணம் வருவதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு வருஷத்தை நிறுவனம் தாங்கியிருக்காது. தாங்கியிருக்கும் என்று நீ சொல்வாய். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாதபோது நான் காற்றாலை பக்கம் நின்றேன். தப்பு செய்தேன் என்று ஒருநாள் தெரிந்தால் அப்போது கேள்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வரலாமா? எழுது.

ப்ரெபென்


ஹ்விட்நெஸ்,
6 பிப்ரவரி 2014

ப்ரெபென்,

வராதே. காரணத்தைச் சொல்கிறேன். சனிக்கிழமைப் பத்திரிகையில் வந்துவிடும். அதற்கு முன்னால் என் வாயால் நீ அறிய வேண்டும்.

நேற்றிரவு கூட்டத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். உன்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். அதற்குத் தயாராகவே போனேன். திட்டியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன், சத்தியமாக. யாரும் திட்டவில்லை. பரிதாபப்பட்டார்கள். எஸ்கில் எழுந்து நின்றான்.

"எங்க மச்சானக் குத்தம் சொல்லாதீங்க. நல்ல மனுசன். அங்க இருக்கற கோட்டு சூட்டுக்காரனுங்க அவர ஏமாத்திட்டானுங்க. விலை கொறைவுன்னு அவருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா கை தூக்கியிருப்பாரா?"

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பாவம், பாவம் என்றார்கள். ஒரு அம்மாள் என் தோளைத் தொட்டு, "கவலப்படாத டோர்தே, வெள்ளந்தியான ஆளு" என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன்: "அவரு ஏமாறல. விலை கொறைவுன்னு அவருக்கு நவம்பர் மாசமே தெரியும். எனக்கு எழுதுனாரு. தெரிஞ்சுதான் கை தூக்குனாரு."

பின்னால் ஊர்ப் பத்திரிகைக்காரன் உட்கார்ந்திருந்தான். நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தேன்.

எஸ்கில் என்னோடு வீடு வரைக்கும் நடந்து வரவில்லை.

டோர்தே


கோபன்ஹேகன்,
10 பிப்ரவரி 2014

டோர்தே,

அந்தக் கடிதத்தை நான் என் மனைவிக்கு எழுதினேன். சங்கப் பிரதிநிதிக்கு எழுதவில்லை.

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். போலீஸ் விசாரணை வருமா என்று தெரியவில்லை. வந்தால் என் கடிதத்தைக் கொடுத்துவிடு, மறைக்க வேண்டாம். வாசலில் பத்திரிகைக்காரர்கள் நின்றுகொண்டு, "விலை குறைவு என்று தெரிந்தும் ஏன்?" என்று கேட்கிறார்கள். உனக்கு நீளமாக எழுதிய பதிலை அவர்களுக்கு அரை நிமிஷத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. அரை நிமிஷத்தில் அது திருட்டு மாதிரித்தான் கேட்கிறது.

என்னைப் பரிதாபத்துக்குரியவன் என்று அவர்கள் நினைத்தது உனக்குப் பொறுக்கவில்லை. அயோக்கியன் என்று நினைப்பது உனக்குப் பரவாயில்லை. அப்படித்தானே?

குளிர்காலப் பூட்ஸையும் என் இயற்பியல் புத்தகங்களையும் எஸ்கிலிடம் கொடுத்தனுப்பு. அவன் கொண்டுவர மறுத்தால் தபாலில் போடு.

ப்ரெபென்


ஆர்ஹுஸ்,
12 ஜூன் 2016

டோர்தே,

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பூட்ஸ் வந்து சேர்ந்தது என்றுகூட நான் எழுதவில்லை. வந்தது.

தேர்தலில் தோற்றது தெரிந்திருக்கும். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், லீவில் போகும் ஆசிரியர்களுக்குப் பதிலாகப் பாடம் எடுக்கிறேன். ஒரு பையன் முதல் நாளே கேட்டான்: "சார், கரண்டு கம்பெனிய வித்தது நீங்கதானே?" தனியாக நான் மட்டும் விற்கவில்லை என்றேன். வகுப்பே சிரித்தது.

வியாழக்கிழமை நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்ததை ஆசிரியர் அறை டிவியில் பார்த்தேன். மணி அடித்தார்கள், கை தட்டினார்கள். வங்கி வாங்கிய விலை எங்கே, இன்றைய விலை எங்கே! அன்று எனக்குப் பட்டது சரிதான் என்று நாடே சொல்கிறது. நான் சொன்னேனே என்று சொல்லிக்கொள்ள நாட்டிலேயே எனக்கு மட்டும்தான் உரிமை இல்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. நேற்றுத் துறைமுகத்தில் எஸ்கிலைப் பார்த்தேன். மீன்பிடிப் படகு ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனுக்கு என் மேல் கோபமே வந்ததில்லை போலிருக்கிறது. அதுதான் அவன்.

"படகு நல்லாருக்குடா. லோனா?"

"லோனெல்லாம் இல்ல மச்சான். எல்லாம் உங்க புண்ணியம். நீங்க வித்தப்ப தொழிலாளிங்களுக்கும் சலுகை விலைல பங்கு குடுத்தாங்கல்ல? இப்ப ஏறிப்போச்சு."

"நல்லது."

"அக்காவும்தான் வாங்குனா. சொல்லலயா?"

சொல்லவில்லை, டோர்தே. சதுக்கத்தில் உறைபனியில் நின்றவள், என்னைக் கூடத்தின் நடுவில் நிறுத்தித் தோலுரித்தவள், அதே வசந்த காலத்தில் அந்தப் பங்கை வாங்கினாளா? நான் கை தூக்கியதற்குக் காற்றாலை என்று ஒரு காரணமாவது சொல்ல முடியும். உன் காரணத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

ப்ரெபென்


ஹ்விட்நெஸ்,
2 ஏப்ரல் 2017

ப்ரெபென்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போன மாதம் நடந்த ஒன்றை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன் கேள்வி. ஆமாம், வாங்கினேன். விண்ணப்பத்தை ஒவ்வொருவர் லாக்கரிலும் போட்டிருந்தார்கள். கேன்டீனில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வாங்க மாட்டோம் என்று சங்கமாக முடிவெடுக்கலாம் என்றேன். எஸ்கில் சொன்னான், "எல்லாம் முடிஞ்சு போச்சுக்கா. அவனுங்க பந்தியில உக்காந்து திங்கறப்ப நாம மட்டும் வாசல்ல நின்னு பாக்கணுமா?" ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் நான். வீட்டுச் செலவில் உன் பங்கு நின்றுபோன மாதம் அது. அதைக் காரணமாகச் சொல்லலாம். உண்மை என்னவென்றால், எல்லோரும் பணக்காரர்களாகி நான் மட்டும் சரியானவளாக உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது போன மாதம் நடந்தது. ஹ்விட்நெஸ் ஸ்டேஷனை மூடப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. பாதிப் பேருக்கு வேலை போகிறது. என் பெயரும் எஸ்கில் பெயரும் அந்தப் பாதியில். மூடும் செய்தி வந்த அன்று பங்கு விலை ஏறியது. கேன்டீனில் எல்லோரும் போனை எடுத்து ரகசியமாகப் பார்த்தோம். எல்லோரும் பார்க்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பங்குதாரர்கள் கூட்டத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். தலைநகரில் பெரிய ஹோட்டல், கம்பளம், காபி, பாதாம் கேக். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். மைக்கைக் கொடுத்தார்கள்.

"என் பேரு டோர்தே. ஹ்விட்நெஸ் ஸ்டேஷன்ல கட்டுப்பாட்டு அறைல வேலை. பங்கும் வெச்சிருக்கேன். ஸ்டேஷன மூடறதுல என் வேலை போகுது, பங்கு ஏறிச்சு. நான் சந்தோஷப்படணுமா, அழணுமா? அதை மட்டும் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. கேலி இல்லை, ரசித்துத்தான் சிரித்தார்கள். மேடையிலிருந்த தலைவரும் சிரித்துவிட்டு, "ரொம்ப நேர்மையான கேள்வி. ரெண்டுமே இயல்புதான்னு நினைக்கறேன். அடுத்தவர்?" என்றார்.

உட்கார்ந்தேன். பக்கத்தில் வெள்ளைத்தலைக் கிழவர் ஒருவர். என் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்லா கேட்டேம்மா. ஆனா மூடட்டும். நமக்கு நல்லதுதான்" என்றார்.

நமக்கு என்றார், ப்ரெபென். ஊர் திரும்பும் வரை அந்த வார்த்தை காதிலேயே இருந்தது. சதுக்கத்தில் நின்றபோது நானும் அதே வார்த்தையைத்தான் தொண்டை கிழியக் கத்தினேன். அன்று அதில் யார் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

டோர்தே


ஆர்ஹுஸ்,
20 செப்டம்பர் 2017

அன்புள்ள டோர்தே,

உன் ஏப்ரல் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் ஓடிவிட்டது. இப்போது எழுதியே ஆக வேண்டியிருக்கிறது. வேறொருவர் சொல்லி நீ அறிவதை நான் விரும்பவில்லை.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நிறுவனத்தில்தான். ஹ்விட்நெஸுக்கு எதிரே கடலில் இரண்டாவது காற்றாலைத் தொகுதி வரப் போகிறது. கரையோர ஊர்களில் மக்களைச் சந்தித்து விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். நேர்முகத்தில் அந்தப் பெண் அதிகாரி என்னிடம், "உங்க கதை எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் உங்களக் கூப்பிட்டோம். மறைக்க ஒண்ணுமில்லாத ஆளு" என்றாள். அது பாராட்டா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

மறுத்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அடுத்த பருவத்துக்கு வேலை இல்லை என்பது ஒரு காரணம். நான் எவற்றுக்காக எல்லாவற்றையும் இழந்தேனோ அந்தக் காற்றாலைகளை ஒருமுறையாவது கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று கேட்காதே.

அக்டோபர் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர் விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். கடலடிக் கேபிள் போகும் பாதையில் மீன் பிடிக்கக் கூடாது என்று வரும். அது எஸ்கில் வலை போடும் இடம். இழப்பீட்டு ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்தை நான்தான் வாங்க வேண்டும். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வானே என்றுதான் பயமாக இருக்கிறது.

நீ முன்வரிசையில் உட்கார்ந்து என்னைக் கிழிப்பாய் என்று தெரியும். கிழி. கட்டி முடித்த கையோடு இந்தத் தொகுதியில் பாதியை வெளியாருக்கு விற்றுவிடுவார்கள். இழப்பீடு ஒரு தடவைதான், கேபிள் என்றென்றைக்கும். என்னிடம் கொடுத்திருக்கும் குறிப்பில் இதெல்லாம் இல்லை. யாராவது கேட்டால்தான் நான் பேச முடியும். கேட்கக்கூடிய ஒரே ஆள் அந்த ஊரில் நீதான். உண்மையைச் சொன்னால், அந்தத் தைரியத்தில்தான் இந்த வேலையையே ஒப்புக்கொண்டேன்.

ஊர் விடுதியை மூடிவிட்டார்களாமே. அன்றிரவு வீட்டில் தங்கலாமா? விவாகரத்துப் பத்திரம் வக்கீலிடமிருந்து உனக்கு வந்திருக்கும். உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுக்கலாம்.

ப்ரெபென்


ஹ்விட்நெஸ்,
27 செப்டம்பர் 2017

ப்ரெபென்,

வா. வீட்டில் தங்க வேண்டாம். எஸ்கில் வீட்டில் தங்கு. அவனே சொன்னான்: "மச்சான இங்க வரச் சொல்லுக்கா. மீன் வறுத்துத் தர்றேன், படுக்க எடம் தர்றேன். கையெழுத்து மட்டும் அன்னைக்கு ராத்திரி கேக்க வேணாம்னு சொல்லு."

விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பேச என்ன இருக்கிறது? நாம் பேசியதெல்லாம் ஒன்று ரகசியமாக இருந்தது, இல்லையென்றால் பத்திரிகையில் வந்தது.

நீ என்னிடம் எதிர்பார்ப்பது நடக்காது. ஆகஸ்டில் எனக்கும் வேலை கிடைத்தது. துறைமுகத்தில், முதல் காற்றாலைத் தொகுதியின் கட்டுப்பாட்டு அறையில். என் வயதில் ஹ்விட்நெஸில் வேறு யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. நிறுவனத்தின் விவகாரங்களைப் பொதுவில் பேசக் கூடாது, அடுத்தவருக்குச் சொல்லவும் கூடாது. இரண்டு தடவை படித்தேன். எதிரே இருந்த பையன், "எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கறதுதாங்க, வழக்கமான வரி" என்றான். பேனாவைக் கொடுத்தான்.

நேற்று எஸ்கிலிடம் சொன்னேன். அவன் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப செவ்வாக்கெழம யாருக்கா கேக்கப் போறா?"

"நீ கேளு."

"எனக்கு கிரேன் ஓட்டத் தெரியும், வல வீசத் தெரியும். என்ன கேக்கணும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நீ சொல்லித் தா, நான் கேக்கறேன்."

"சொல்லித் தரவும் கூடாதுடா."

அவன் மறுபடி வலையைக் கையில் எடுத்தான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரையில் நாளெல்லாம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகத்தான் சுற்றுகின்றன. ஸ்டேஷனை மூடியதிலிருந்து என் போர்வைகள் வெள்ளையாகக் காய்கின்றன. அப்படி ஆகும் என்று நீ சொன்னபோது ஒப்புக்கொள்ள முடியவில்லை, இப்போதும் மனசு வரவில்லை. நீ சொன்னதில் எது பொய்யோ அதை மன்னித்துவிட்டேன், ப்ரெபென். எது பலித்ததோ அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வருவேன். கடைசி வரிசையில் இருப்பேன். உன் குறிப்பில் இருப்பதை வாசி. கேள்வி உண்டா என்று கேட்பாய். யாரும் கை தூக்க மாட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார். காபியும் கேக்கும் கம்பெனி செலவாம்.

டோர்தே